பால் புட்டியில் சவுக்கார வாடை

என் பிழைப்பு ஆட்டு மடியோடு. சினை ஆட்டின் மடித் திசுவில், ஈனுவதற்குக் கொஞ்சம் முன்னால், அதுவரை பெயருக்கு இருந்த ஒரு நொதி சட்டென்று வேகமெடுக்கும். லைபேஸ் என்று பெயர். இரத்தத்தில் ஓடும் கொழுப்பை உடைத்துப் பாலுக்குள் இழுத்துப் போடுவது அதன் வேலை. குட்டி ஊட்டும்வரை அது ஓயாது. குட்டி ஊட்டுவதை நிறுத்தினால் அதுவும் அடங்கிவிடும். அதை அளப்பதற்குத்தான் திருச்சியில் எனக்குச் சம்பளம். கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் 'ஆராய்ச்சி' என்று மட்டும் சொல்லிவிட்டுப் பந்திக்கு எழுந்து போய்விடுவேன். மடி என்றதும் முகம் சுளிப்பவர்கள் அதே முகத்தோடு இரண்டாவது டம்ளர் பாயசம் கேட்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆட்டுப் பண்ணையில் இந்த அளவு வேலையைக் கற்றுக்கொடுக்க என்னை அழைத்திருந்தார்கள். கொழும்பில் ரயில் ஏறும்போதே என் மடியில் ஒரு ஐஸ் பெட்டி. உள்ளே சோதனைக்கான மருந்துகள். சூடு பட்டால் அத்தனையும் குப்பை. வட்டவளைக்கு வந்ததும் ரயில் நின்றுவிட்டது. மேலே எங்கோ மண் சரிந்திருக்கிறதாம். மழை வெளியே கொட்டுகிறது, ஐஸ் உள்ளே உருகுகிறது. எதிர் இருக்கைச் சிங்கள அம்மா ஒரு வடையைத் தாளில் சுற்றி என்னிடம் நீட்டினார். வடையின் முதுகில் ஒரு முழு இறால், தலையும் மீசையுமாக உட்கார்ந்திருந்தது. "சாப்பிடு மகளே, ரயில் தன் இஷ்டத்துக்குத்தான் போகும்" என்று அவர் சொன்னதாகப் பக்கத்தில் இருந்த பையன் தமிழில் சொன்னான். ஐம்பது வயதைத் தாண்டிய என்னை மகளே என்றதற்காகவே மீசையோடு சேர்த்துத் தின்றேன்.

கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நனைந்தபடி பஸ் பிடித்து ஹட்டன் வந்தேன். ஐஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் எல்லாரும் மீன்கடையைக் கை காட்டுகிறார்கள்.

"எத்தன கிலோங்க?" என்றார் கடைக்காரர்.

"மீன் வேண்டாம். ஐஸ் மட்டும்."

"மீனு இல்லாம ஐஸ வச்சு என்னாங்க செய்வீங்க?" என்று அவர் உண்மையான கவலையோடு கேட்டார். ஆனாலும் பெட்டி நிறைய அள்ளிப் போட்டார். அதன்பின் ஊர் திரும்பும்வரை என் பெட்டி அயிலை வாடை அடித்தது.

தங்கியது ஸ்டெல்லா டீச்சர் வீட்டில். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர், வேதக்காரப் பெண், என்னைவிட நாலைந்து வயது சின்னவள். தனி ஆள். சிரித்தால் மேலே உள்ள லயம் வரைக்கும் கேட்கும். லயம் என்பது தொழிலாளர் வீடுகளின் நீண்ட வரிசை. ஒரே கூரை, வீட்டுக்கு ஒரு கதவு, நடுவே மெல்லிய சுவர். ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். முதல் சாயங்காலம் டீச்சர் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் வைத்தாள். சம்பலின் காரத்தில் காது அடைத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது, அந்த அடைத்த காதிலும் மேலேயிருந்து ஒரு பெண்ணின் குரல் விழுந்தது.

"ஏன்டி, ஒனக்கு இல்லன்னா எம் பேரனுக்கும் இருக்கக்கூடாதா?"

டீச்சரின் சிரிப்பு நின்றுவிட்டது. "அது ராக்கம்மாக்கா. மகள ஏசுறாங்க" என்றாள். பிறகு மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள்.

ராக்கம்மாவின் மருமகள் மகேஸ்வரி பிள்ளை பெற்றுக் கொழுந்து எடுக்கத் திரும்பியிருக்கிறாள். அவளுக்குக் கொடுத்திருப்பது மேல் மலை. காலையில் இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்பினால் பாதி நாள் போய்விடும். அதனால் விடியும்போதே பாலைப் பீய்ச்சிப் புட்டியில் வைத்துவிட்டுப் போகிறாள். புட்டி கழுவுவதும், பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் நாத்தனார் சுதாவின் வேலை. சுதாவுக்குப் போன வருடம் ஒரு பிள்ளை பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டது. புருஷன்காரன் அவளைக் கொண்டுவந்து தாய் வீட்டில் விட்டவன், திரும்பி எட்டிப் பார்க்கவில்லை. இப்போது கொஞ்ச நாளாகப் புட்டிப் பாலில் சவுக்கார வாடை. பிள்ளை வாய் வைத்ததும் துப்புகிறது, எடை இறங்குகிறது.

"சவுக்காரம்னா சோப்புதானே?" என்று கேட்டேன்.

"சோப்புத்தான்க்கா. பொறாமையில போடுறான்னு லயமே பேசுது. அண்ணன்காரன் கண்ணன், அதான் மகேஸ்வரி புருஷன், கொழும்புல கடையில நிக்கிறான். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்கு அனுப்புற ஏஜென்சிக்காரன்கிட்ட சுதாவுக்கு ஏற்கெனவே சொல்லி வச்சிருக்கான். இவ மாட்டேன்னுட்டு இருந்தா. இப்ப என்னாகுமோ."

நான் மறுவாய் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். பாலில் சோப்பு வாடை எனக்குப் புதிதல்ல.

மறுநாள் புதன்கிழமை. பண்ணை வேன் என்னை ஏற்ற வருமிடம் மடுவத்து வாசல்தான். வேன் ஒன்பது மணிக்கு; வேண்டுமென்றே முன்னதாகப் போய் நின்றேன். மடுவத்தைப் பார்த்துக்கொள்ளும் புஷ்பா கண்டிப்பான பெண். வாசலைத் தாண்டி யாரையும் செருப்போடு விடமாட்டாள். சுதா புட்டியோடு வந்தாள். ஒல்லி, தலையை நிமிர்த்தவே இல்லை. புஷ்பா புட்டியை வாங்கக் கை நீட்டவில்லை. சுதா தானாகவே புட்டியைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி உறிஞ்சிக் குடித்துவிட்டு, வெறும் கையை விரித்துக் காட்டினாள். பிள்ளைக்குப் பால் கொடுக்க இறங்கி வந்த ஐந்தாறு தாய்மார்கள், கூடப்பிறந்தவள் போல் தங்களோடு பழகிய சுதாவை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தெனமும் இப்படியா?" என்றேன்.

"சுதாவா போட்டா, சுதாவா போட்டான்னு ஆளாளுக்கு வந்து கேக்குறாங்க. நா என்னாங்க செய்றது? குடிச்சுக் காட்டுன்னு அவங்கம்மாதான் சொன்னாங்க" என்ற புஷ்பா புட்டியை என்னிடம் நீட்டினாள். "நீங்களே மோந்து பாருங்க. இத நா எப்பிடிப் புள்ளைக்குக் குடுப்பேன்?"

மோந்தேன். சலவைக் கல்லில் ஊறிய துணி போல ஒரு வாடை. இதை ஆயிரம் தடவை மோந்திருக்கிறேன், ஆட்டுப் பாலில். சில ஆடுகளின் மடியில் அந்த நொதி அளவுக்கு மீறிச் சுரந்து பாலிலேயே கசிந்துவிடும். கறந்த பால் நிற்க நிற்க, அது பாலில் உள்ள கொழுப்பையே உடைக்கத் தொடங்கும். உடைந்த கொழுப்பும் சோப்பும் ஒரே வீட்டுச் சரக்கு; வாடையும் ஒன்றுதான். மார்பிலிருந்து நேரே குடிக்கும் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. நின்ற பாலில்தான் வம்பு. மனிதப் பெண்களிலும் சிலருக்கு இப்படி உண்டு என்று படித்திருக்கிறேன், பார்த்ததில்லை.

வாய் சும்மா இருக்குமா? அங்கேயே ஆரம்பித்துவிட்டேன். நொதி, கொழுப்பு, மடித் திசு. தாய்மார்கள் மரியாதையாகக் கேட்டார்கள். முடிவில் ஒருத்தி, "அப்ப மகேஸ்வரி ஒடம்புலயே சவுக்காரம் ஊறுதுன்னு சொல்றீங்களா?" என்றாள். மற்றவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வேன் வந்துவிட்டது.

பண்ணையில் அன்று முழுக்க ஆட்டுக்கு ஊசி போடுவதற்குப் பதிலாக என் விரலில் போட்டுக்கொண்டேன். வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? கண்ணெதிரே செய்து காட்ட வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்டெல்லா டீச்சரையும் இழுத்துக்கொண்டு லயத்துக்கு ஏறினேன். மகேஸ்வரி இருபத்தைந்தைத் தாண்டாத பெண். களைத்த கண்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டாள்.

"புட்டிய நானே கொதிக்க வைக்கிறேன். பாலை நானே என் பெட்டியில பூட்டி வைக்கிறேன். சுதா கிட்டயே வர வேண்டாம். காலையில எல்லாரும் மோந்து பாருங்க. வாடை வந்தா அது சுதா போட்டதில்லன்னு ஆயிடும் இல்லையா?"

"வரலன்னா?" என்றார் ராக்கம்மா.

"வரும்" என்றேன். எவ்வளவு திமிர் எனக்கு! அன்றிரவே மகேஸ்வரி பீய்ச்சிக் கொடுத்த பாலைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

வெள்ளிக்கிழமை விடியலில், எல்லாரும் பெரட்டுக்குப் போகுமுன், அதாவது கணக்கப்பிள்ளை ஆளெண்ணி வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்குப் போகுமுன், ராக்கம்மா வீட்டு வாசலில் கூட்டம். புஷ்பாவும் வந்திருந்தாள். நான் பெட்டியைத் திறந்தேன். பண்ணையில் புதிதாக நிரப்பிய ஐஸுக்குள் பால் சில்லிட்டுக் கிடந்தது. வெந்நீரில் கொஞ்சம் வைத்து எடுத்து ராக்கம்மாவிடம் கொடுத்தேன். அவர் மோந்தார், இன்னொரு தடவை மோந்தார். மகேஸ்வரியிடம் கொடுத்தார். அவளும் மோந்தாள்.

"மீனு வாடதான் லேசா வருது. சவுக்காரம் இல்ல" என்றாள் மகேஸ்வரி.

"பாத்தீங்களாடி!" என்று ராக்கம்மா தலையில் அடித்துக்கொண்டார். "இவ கை படலன்னா பால் நல்லா இருக்கு. எம் வயித்துலயா வந்து பொறந்த! இந்தியாவுலருந்து ஆள் வந்து காட்டிக் குடுக்க வேண்டியிருக்கே!"

சுதா கதவோரம் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் உள்ளே போய்த் தன் துணிகளை ஒரு பையில் அடைக்கத் தொடங்கினாள். அங்கேயே ராக்கம்மா மகனுக்குப் போன் போட்டார். சத்தமாக வைத்திருந்ததால் எல்லார் காதிலும் விழுந்தது. "நாளைக்கு மத்தியானம் ஏஜென்சி வேன் அந்தப் பக்கம் வருது. ஏத்தி விடுங்க. நா அவ மொகத்துல முழிக்க விரும்பல" என்றான் கண்ணன்.

பண்ணைக்குப் போகும் வழியில் பாதி தூரத்தில்தான் எனக்கு உறைத்தது. நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டேன். டிரைவர் பயந்துபோய், "என்னாங்க, அட்ட கடிச்சிருச்சா?" என்று வண்டியை ஓரங்கட்டினார்.

அட்டை கடிக்கவில்லை, என் புத்திதான் கடித்தது. பால் கறந்ததும் ஐஸில் வை என்பது எங்கள் ஆய்வுக்கூடத்தில் கைப்பழக்கம். எதற்காக வைக்கிறோம்? நொதி வேலை செய்யாமல் தூங்க வேண்டும் என்பதற்காகத்தான்! ராக்கம்மா வீட்டுப் பால் விடியலிலிருந்து மடுவத்துக்குப் போகும்வரை அடுப்படித் திண்டில், புகைச் சூட்டில் நிற்கிறது. நானோ அதைப் பூட்டி ஐஸில் வைத்துவிட்டு வாடை வரும் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண்ணின் தலையெழுத்தைப் பணயம் வைத்து, கற்றுக்குட்டி மாணவி கூடச் செய்யாத தப்பைச் செய்துவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சாயங்காலம் மறுபடி லயத்துக்கு ஓடினேன். இன்னொரு தடவை மட்டும், ஐஸ் இல்லாமல், என்று கெஞ்சினேன். ராக்கம்மா கதவைப் பாதி சாத்திக்கொண்டு பேசினார். "ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், எங்கள விட்டுருங்க. புள்ளைக்குப் பால்மா டின் வாங்கியாச்சு. இனி புட்டியில தாய்ப்பாலே இல்ல." மகேஸ்வரி உள்ளேயிருந்து, "எங்க வீட்டு அசிங்கத்த இன்னும் எத்தன பேருக்கு மோந்து பாக்கக் குடுக்கணும்?" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

சுதா ஸ்டெல்லா டீச்சர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். ராக்கம்மா அவள் பையை வெளியே வைத்ததும் டீச்சர்தான் கூட்டிவந்திருக்கிறாள். நான் பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்து, காலையில் நடந்தது என் தப்பு என்று சொன்னேன். அவள் பிளேன்டீயை ஊதிக் குடித்துக்கொண்டே கேட்டாள், பிறகு சொன்னாள்.

"எனக்கே இப்ப சந்தேகமா இருக்குங்க. நல்லாத்தான் அலசுவேன். ஆனா ஏதோ நெனப்புல அலசாம விட்டுட்டேனோ என்னவோ."

"நீ விடல."

"நீங்க பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அந்தக் கேள்வியில் எனக்குமே ஒரு பயம் எட்டிப் பார்த்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வாடை. நிஜமாகவே இவள் போட்டிருந்தால்? அந்த நினைப்பு வந்ததற்காக எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது, ஆனாலும் வந்தது.

பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளே பேசினாள். "எனக்கும் பால் வந்துச்சுங்க. புள்ள இல்லங்கிறது ஒடம்புக்குத் தெரியல. ஜாக்கெட்டெல்லாம் நனஞ்சிரும். துணிய வச்சு இறுக்கிக் கட்டி விட்டாங்க. அப்புறம் ஒரு நாளு நின்னு போச்சு. யார் சொல்லி அதுக்குத் தெரிஞ்சிச்சு?"

இதைத்தான் நான் வாழ்நாளெல்லாம் அளந்திருக்கிறேன். இப்படி யாரும் கேட்டதில்லை. மார்புத் திசு மாதக்கணக்கில் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்கிறது என்று சொன்னேன். பிள்ளை வரும் நேரம் உடம்பு மற்ற இடங்களில் கொழுப்பைச் சேர்ப்பதைக் குறைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் பாலுக்குத் திருப்பிவிடுகிறது. பால் வந்து நிற்கிறது. உறிஞ்ச வாய் இல்லை என்றால், தேங்கிய பாலே திசுவுக்குச் சேதி சொல்கிறது. நொதி அடங்குகிறது, பால் வற்றுகிறது.

"அப்ப அதுவும் காத்திருந்துதான் பாத்திருக்கு" என்றாள் சுதா. டீச்சர் எழுந்து அடுப்பு ஊதப் போய்விட்டாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை பண்ணையில் அரை நாள் வேலை. நான் திரும்பியபோது சுதா பையோடு ரோட்டோரம் டீச்சர் பக்கத்தில் நின்றிருந்தாள், வேனுக்கு. "நா மேலே போயிட்டு வரேன்" என்று படியேறினேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. காலைப் பிடிக்கவாவது போவோம் என்றுதான்.

மகேஸ்வரி அப்போதுதான் மலையிலிருந்து இறங்கியிருந்தாள். இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. அடுப்படித் திண்டிலிருந்து, தட்டால் மூடிய ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அது என்னம்மா?"

"பாலுதான். பால்மா குடுத்ததுலருந்து நெஞ்சு கட்டிக்கிட்டு உயிர் போகுது. விடியக்கால பீய்ச்சி வச்சேன். ஓடையில ஊத்தப் போறேன்."

"இங்கயே கொட்ட வேண்டியதுதானே?"

"கண்ட எடத்துல கொட்டக்கூடாதுங்க. எறும்பு வாய் வச்சா பால் வத்திரும்பாங்க. ஓடுற தண்ணியிலதான் விடணும்."

விடியலிலிருந்து அதே திண்டு, அதே சூடு. ஐஸ் இல்லை. நான் கெஞ்சிக் கேட்டு அவர்கள் தர மறுத்த சோதனை, எறும்புக்குப் பயந்து தானாகவே நடந்து முடிந்திருக்கிறது.

"இந்த டம்ளர யாரு கழுவினது?"

"நாந்தான். ஏன்?"

"எதுல?"

"சாம்பல்ல. எவர்சில்வருக்கு யாருங்க சவுக்காரம் போடுவா?"

"சுதா?"

"அவ நேத்தே போயிட்டாளே. இந்தப் பக்கமே வரல."

"தட்டைத் தெறந்து மோந்து பாரும்மா. ஒரே ஒரு தடவ. அப்புறம் நான் இந்தப் பக்கமே வர மாட்டேன்."

அவள் தட்டை எடுத்தாள். நான் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் அவள் கை விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்த விரல்கள். அவை டம்ளரை இறுக்கின. வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த மாமியாரிடம் போய் டம்ளரை மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"இதுலயும் வருதே" என்றார் ராக்கம்மா. பிறகு, தானே சொன்னது தன் காதில் விழுந்தது போல, "ஐயோ, இதுலயும் வருதேடி!" என்று அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கீழே ரோட்டில் ஹாரன் அடித்தது.

மகேஸ்வரி படங்கோடு ஓடினாள். கையில் டம்ளர். மழையில் வழுக்கும் படிகளில் நான் இரண்டு முறை உட்கார்ந்தே இறங்கினேன். நாங்கள் ரோட்டுக்கு வந்தபோது சுதா வேனுக்குள் சன்னலோரம் ஏறிவிட்டாள். டீச்சர் கதவைச் சாத்தவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள், டிரைவர் திட்டிக்கொண்டிருந்தான். மகேஸ்வரி சன்னலுக்குள் டம்ளரை நீட்டினாள்.

"மோந்து பாரு!"

சுதா வாடை பட்டதும் பின்னால் சரிந்தாள். "நா தொடவே இல்லையே அண்ணி! நேத்துலருந்து டீச்சர் வீட்டுலதானே இருக்கேன். சத்தியமா நா தொடவே இல்ல!"

"நீ தொடல" என்றாள் மகேஸ்வரி. மூச்சு வாங்கியது. "அதத்தான் சொல்ல ஓடி வந்தேன். நீ தொடல சுதா. எம் பாலு அப்பிடி. எறங்கு."

சுதா இறங்கவில்லை. அவளுக்குப் புரியவே நேரமாயிற்று. ஏஜென்சி ஆள் முன்சீட்டிலிருந்து, "வர்றதா இல்லையா, சும்மா டைம வேஸ்ட் பண்ணாதீங்க" என்றான். அதற்குள் பின்னாலேயே வந்து சேர்ந்த ராக்கம்மா அவனைப் பார்த்துப் போட்ட சத்தத்தை இங்கே எழுத முடியாது. ஒரு வார்த்தைகூட மகளைப் பார்த்துப் பேச முடியாததால் அத்தனையையும் அவன் தலையில் கொட்டினார் என்று நினைக்கிறேன். அவனாகவே சுதாவின் பையை இறக்கி வைத்துவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை ராக்கம்மா வீட்டு அடுப்படியில் என் பாடம். பீய்ச்சியதும் உடனே அடுப்பில் வை, கொதிக்க விடாதே, ஓரத்தில் பொடிக் குமிழி கட்டும்போது இறக்கு, பச்சைத் தண்ணீரில் பாத்திரத்தோடு வைத்து ஆற்று. அவ்வளவுதான், நொதி செத்தது.

"சுட வச்சா சத்து போயிறாதா?" என்றாள் மகேஸ்வரி.

"கொஞ்சம் போகும். நீ நேரே குடுக்கிறப்ப அத்தனையும் கெடைக்கும். வாடை வந்தாலும் அது விஷமில்ல, புள்ளைக்குப் பிடிக்கல, அவ்வளவுதான்."

ஐஸ் பெட்டி பக்கமே நான் போகவில்லை. சுடவைத்த பாலையும் சுடவைக்காத பாலையும் அதே திண்டில், பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மத்தியானம் ஒன்றில் வாடை, மற்றதில் இல்லை. லயத்துப் பெண்கள் வரிசையில் வந்து மோந்துவிட்டுப் போனார்கள். புதன்கிழமை மடுவத்து வாசலில் என்னைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தவர்களில் ஒருத்தி இரண்டு தடவை வந்தாள். கண்ணனுக்குப் போனில் சொன்னதும், "அப்பிடியா. சரி" என்று வைத்துவிட்டான். அந்தச் 'சரி'யை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. சுதா யாரோடும் அதிகம் பேசவில்லை. அம்மா சோறு போட்டு வைத்ததைச் சாப்பிட்டாள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை ஊருக்குக் கிளம்பினேன். ஸ்டேஷனுக்குப் போக ஆட்டோ வந்து நின்றது மடுவத்து வாசலில்தான். அயிலை வாடைப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது சுதா, சுடவைத்து ஆற்றிய பால் புட்டியோடு வந்தாள். அன்று மகேஸ்வரி பெரட்டுக்குப் போகும் வழியில் பிள்ளையை விட வந்தவள், இன்னும் வாசலில்தான் நின்றாள். மற்றத் தாய்மார்களும் இருந்தார்கள். புஷ்பா புட்டியை வாங்கக் கையை நீட்டினாள்.

சுதா கொடுக்கவில்லை. யாரும் சொல்லாமலே மூடியைத் திறந்தாள். உள்ளங்கையைக் குழித்துக் கொஞ்சம் பாலை ஊற்றினாள். கை வாய்க்குப் போயிற்று. பழக்கம்.

மகேஸ்வரி அந்தக் கையைப் பிடித்தாள். குழித்த கையைப் பால் சிந்தாமல் அப்படியே தாழ்த்தி, இடுப்பிலிருந்த பிள்ளையின் வாயருகே கொண்டுபோனாள். பிள்ளை அத்தையின் உள்ளங்கையை நக்கி, சப்புக்கொட்டி, இன்னும் வேண்டும் என்று அந்த விரல்களைப் பிடித்து இழுத்தது.